கேம் அடிக்கிறது சம்பள வேலையா? திருமலை ஆக்கள் ஒரு முடிவு சொல்லுங்கோ

சிவன்கோயிலடி_அக்கா

தம்பி ஏ.எல். (உயர்தரம்) முடிச்சிட்டு வீட்டிலதான் இருக்கிறான். இரவிரவா பப்ஜி மொபைல். ஆனா சும்மா அடிக்கேல்ல. துபாய், சவூதிப் பக்கம் இருக்கிற ஆக்கள் தங்கட அக்கவுண்டை இவனிட்டக் குடுப்பினம். இவன் ரேங்க் ஏத்திக் குடுப்பான், அவை காசு அனுப்புவினம். கான்கரர் எண்ட உச்ச ரேங்க் வரைக்கும் கொண்டுபோய் விட்டா நல்ல காசு வருது. போன மாசம் கரண்ட் பில்லும் அம்மாட மருந்தும் அவன்ட காசிலதான்.

இப்ப கிராம சேவகரிட்டக் குடுக்க ஒரு படிவம் வந்திருக்கு. தொழில் எண்ட இடத்தில "இல்லை" எண்டு எழுது எண்டுறா அம்மா. "சுயதொழில்" எண்டு எழுது எண்டுறான் தம்பி. இரண்டு பேரும் கதைக்கிறதில்லை, நான்தான் நடுவில. என்ன எழுதுறது?

பழைய_கிளாக்கர்

மகள், "இல்லை" என்றே எழுதுங்கள்.

நான் வாழ்நாள் முழுக்க தொழில் சட்டக் கோப்புகளோடு இருந்தவன். ஒன்றைத் தொழில் என்று சொல்வதற்கு முன் சில கேள்விகள் இருக்கின்றன. வேலை கொடுப்பவர் யார்? நேரம் எவ்வளவு? சம்பளம் வராவிட்டால் எந்த அலுவலகப் படியேறுவது? கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டம் 1954இலேயே நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எழுதி வைத்தது. 1958இல் ஊழியர் சேமலாப நிதி என்ற ஓய்வுகாலச் சேமிப்பு வந்தது: இப்போது தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம். அதற்குப் பிறகு நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி இன்னும் 3 சதவீதம். உங்கள் தம்பிக்கு இதில் எது இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. என் பேரனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அக்கவுண்டை வேறொருவருக்குக் கைமாற்றுவதை அந்த விளையாட்டின் நிபந்தனைகளே தடை செய்கின்றனவாம். நிபந்தனையை மீறித்தான் சம்பாதிக்க வேண்டும் என்றால் அதைத் தொழில் என்று அரசாங்கப் படிவத்தில் எழுதுவது எப்படி?

ரேங்க்புஷ்_திருமலை

ஐயா, பஸ் ஸ்ராண்டில கச்சான் விக்கிற அம்மாவுக்குச் சேமலாப நிதி இருக்கா? அவ தொழில் செய்யேல்லையா? சேமலாப நிதி இருந்தாத்தான் தொழில் எண்டா திருமலையில அரைவாசிப் பேர் சும்மா இருக்கினம் எண்டுதான் எழுதோணும்.

சீனா 2019இல கேம் விளையாடுறதை அரசாங்கத் தொழில் பட்டியலிலயே சேர்த்திட்டுது. அதே வருசம் எங்கட விளையாட்டு அமைச்சும் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியா அடிக்கிற கேமை, ஒரு விளையாட்டா ஏற்றுக்கொண்டது. 2023இல ஹாங்சோவில நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில அதுக்குத் தங்கப் பதக்கமே குடுத்தாங்கள். தென்கொரியாவில ஃபேக்கர் எண்டு பேர் வச்சிருக்கிற கேம் வீரர் லீ சாங்-ஹியோக், அந்தத் தங்கத்தாலதான் கட்டாய இராணுவ சேவையில இருந்து தப்பினவர். அந்த நாட்டில இராணுவத்தில சேர்றதில இருந்து ஒருத்தனை விடுறதெண்டா லேசுப்பட்ட காரியமில்லை.

எண்ணெய்த்தாங்கி99

இந்தக் கதை எங்க தொடங்கினாலும் கடைசியில ஃபேக்கரிட்டத்தான் வந்து நிக்கும். நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தனான் 😄

சரி, பெரிய உதாரணம் வேணுமெண்டா நானும் தாறன். டோட்டா 2 உலகப் போட்டியில 2021இல மொத்தப் பரிசு 4 கோடி டொலர். அதில ஏறக்குறைய 1 கோடி 80 லட்சத்தை வென்ற ஒரு அணி கொண்டுபோச்சு. ஃபோர்ட்நைட் உலகக் கோப்பையில 2019இல 16 வயசுப் பெடியன் ஒருத்தன் தனிய 30 லட்சம் டொலர் வென்றான். ரெண்டும் உண்மை. ஆனா பரிசு வேற, சம்பளம் வேற. தோத்தவன் எத்தினை இரவு முழிச்சிருந்தவன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. கேம் அடிக்கிறதை நேரலையில காட்டுற ட்விட்ச் தளத்தில ஆருக்கு எவ்வளவு காசு போகுதெண்ட பட்டியல் 2021 ஒக்டோபரில கசிஞ்சது. மேல கொஞ்சப் பேருக்கு மில்லியன் கணக்கில, கீழ போகப்போக ஒண்டுமில்லை. ஒருத்தன் வெல்லுறதுக்கு ஆயிரம் பேர் சும்மா உழைக்கிற இடத்தைத் தொழில் எண்டு சொல்லி ஏ.எல். முடிச்ச பெடியளுக்குக் காட்டுறது சரியில்லை.

திருக்கடலூரான்

அண்ணை, பங்குக்கு வேலை செய்யிறவனைப் பற்றி உங்களுக்கு வடிவா விளங்கேல்லப் போல.

எங்கட அப்பா கரைவலை இழுத்தவர். மாசச் சம்பளம் எண்டு ஒரு நாளும் வாங்கினதில்லை. வலை வந்தா சம்மாட்டிக்கு (முதலாளிக்கு) ஒரு பங்கு, வலைக்கும் தோணிக்கும் ஒரு பங்கு, மிச்சத்தை இழுத்தவை பிரிச்செடுப்பினம். மீன் படாட்டி வெறுங்கையோட வீட்டுக்கு. முன்னேற்பாடா வாங்கின கடன் மட்டும் கூடும். அப்பிடி இருந்தும் என்ட ஓ.எல். சோதனைப் படிவத்தில தகப்பன்ட தொழில் "மீன்பிடி" எண்டுதான் எழுதினனான். ஒருத்தரும் "மாசாமாசம் எவ்வளவு வருது" எண்டு கேக்கேல்ல.

இந்தப் பெடியனுக்கு அதைவிட நிச்சயம் இருக்கு. வேலையை முடிச்சாக் காசு எண்டு பேசித்தான் செய்யிறான்.

உவர்மலை_ரீச்சர்

மீனை நாலு பேர் சாப்பிடலாம். ஆரோ ஒருத்தற்ற அக்கவுண்டில ஒரு பட்டம் ஏறினா ஆருக்கு என்ன?

இதைக் கேட்டா "அப்ப கிரிக்கெட்டால ஆருக்கு வயிறு நிறையுது" எண்டு ஒருத்தர் வருவார். வரட்டும். நான் சொல்ல வந்தது வேற. எட்டாம் வகுப்புப் பிள்ளை விடியப்புறம் நாலு மணிக்குப் படுத்து, ஏழரைக்கு வகுப்பில மேசையில தலை வச்சு நித்திரை கொள்ளுது. ஏனெண்டு கேட்டா "ரீச்சர், நான் பயிற்சி எடுக்கிறன், இது இப்ப தொழில்" எண்டு சொல்லுது. அந்தப் பிள்ளைக்கு இந்த வசனத்தைக் குடுத்தது உங்களைப் போல பெரிய ஆக்கள்தான்.

சீனா 2019இல தொழில் பட்டியலில சேர்த்ததை ரேங்க்புஷ் தம்பி சொன்னவர். 2021இல அதே சீனா என்ன செய்தது எண்டதைச் சொல்லேல்ல. 18 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளையள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில இரவு 8இல இருந்து 9 வரைக்கும் மட்டும்தான் ஒன்லைன் கேம் விளையாடலாம் எண்டு கட்டிப்போட்டது. கேமுக்கு அடிமையாகிறதை உலக சுகாதார நிறுவனமும் 2019இல நோய்ப் பட்டியலில சேர்த்திருக்கு.

ரேங்க்புஷ்_திருமலை

ரீச்சர், அது சின்னப் பிள்ளையள். நாங்கள் கதைக்கிறது ஏ.எல். முடிச்ச ஒரு ஆளைப் பற்றி. எங்கட நாட்டிலயும் 16 வயசுக்குக் கீழ ஆரையும் வேலைக்கு எடுக்கக் கூடாது. அதுக்காக மேசன் வேலையைத் தொழில் இல்லை எண்டு சொல்லுவீங்களா?

கிண்ணியா_நானா

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நான் இப்ப றியாத்தில, வாகனம் ஓடுற வேலை. 2024இல இஞ்ச இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பை எண்டு முதல் தடவையா வச்சாங்க, பரிசு மட்டும் 6 கோடி டொலர். நான் உள்ளுக்குப் போய் விளையாட்டுப் பார்க்கல்ல, ஆக்கள ஏத்தி இறக்கினதுதான். ஏத்தினதுல விளையாடுறவன விட மத்தவன்தான் கூட. கோச், நடுவர், கமரா, மொழிபெயர்ப்பு, மசாஜ் செய்றவன் வரைக்கும் வந்தான். எல்லாரும் சம்பளக்காரர்.

ஆனா தங்கச்சிட கதை அது இல்ல. தம்பிட கஸ்டமர் மார் எப்படிப்பட்டவங்க எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டா அவங்க என்ட ரூம்ல இரிக்காங்க 😂 என்னோட இரிக்கிற ஒரு பொடியன் ஆருக்கோ காசு குடுத்து அக்கவுண்ட ஏத்துவிச்சான். பாதி வழியில அக்கவுண்ட் தடையாகிட்டு. காசு வாங்கினவன் புளொக் பண்ணிட்டுப் போயிட்டான். ரெண்டு மாசமா அந்தப் பொடியன்ட முகத்தப் பார்க்க ஏலாம இருந்திச்சி.

அதனால கிளாக்கர் ஐயா கேட்ட கேள்வி ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தும். உழைச்சவனுக்கும் முறையிட இடமில்ல, காசு குடுத்தவனுக்கும் இல்ல.

எண்ணெய்த்தாங்கி99

நானா சொன்ன இடத்தில இருந்துதான் உண்மையான விசயம் தொடங்குது. கேம் விளையாடுறது சம்பள வேலையா மாறினா என்ன நடக்கும் எண்டதை நாங்கள் கற்பனை செய்யத் தேவையில்லை. பிலிப்பைன்ஸில நடந்து முடிஞ்சிட்டுது.

ஆக்ஸி இன்ஃபினிட்டி எண்டு ஒரு கேம். செய்தது வியட்நாம் கம்பனி. 2021இல கொரோனா முடக்கத்தில பிலிப்பைன்ஸ் சனம் வேலையில்லாமல் இருக்கேக்க, இந்தக் கேமை விளையாடினா எஸ்.எல்.பி. எண்டு ஒரு கிரிப்டோ டோக்கன் கிடைக்கும், அதை வித்தா உண்மையான காசு. ஆனா விளையாடத் தொடங்க மூண்டு ஆக்ஸி (கேமுக்குள்ள வாற பிராணி) வாங்கோணும். அந்த நேரம் அதுக்கு நூற்றுக்கணக்கில டொலர் தேவைப்பட்டது. வசதியில்லாதவன் என்ன செய்வான்? வசதியுள்ளவன் தன்ட ஆக்ஸியை இரவல் குடுப்பான். குடுத்தவனுக்குப் பேர் "மனேஜர்". விளையாடுறவனுக்குப் பேர் "ஸ்கொலர்". ஏதோ பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் கிடைச்ச மாதிரி! வாற டோக்கனில மனேஜருக்கு ஒரு பங்கு.

கொஞ்சக் காலம் சனம் நல்லா உழைச்சது. பிலிப்பைன்ஸ் அரசாங்கம் இதுக்கு வருமான வரி கட்டோணும் எண்டும் சொன்னது, அதாவது வருமானம் எண்டு ஏற்றுக்கொண்டது. பிறகு டோக்கன்ட விலை விழுந்தது. 2021 நடுப்பகுதியில 30 சதத்துக்கு மேல இருந்தது அடுத்த வருசம் ஒரு டொலர் சதத்துக்கும் கீழ போச்சு. ஏனெண்டா புதுசா வாற ஆக்கள் கொண்டுவாற காசிலதான் பழைய ஆக்களுக்கு வருமானம். வரத்து குறைஞ்ச உடன எல்லாம் நிண்டுது. 2022 மார்ச்சில அந்தக் கேம்ட காசு ஓடுற றொனின் வலையமைப்பில இருந்து 60 கோடி டொலருக்கு மேல களவு போச்சு. வடகொரியாட லசாரஸ் ஹக்கர் கும்பல்தான் எண்டு எஃப்.பி.ஐ. சொன்னது.

இதில ஸ்கொலருக்கு என்ன மிஞ்சினது? திருக்கடலூரான் பங்கைப் பற்றிச் சொன்னவர். கடலில மீன் குறையும், கூடும். ஆனா கடலுக்கு ஒரு கம்பனி சொந்தக்காரன் இருந்து, "இண்டையில இருந்து சூரை மீனுக்குப் பெறுமதி இல்லை" எண்டு அப்டேட் போடுறதில்லை.

திருக்கடலூரான்

கடலுக்குச் சொந்தக்காரன் இல்லையா? அண்ணை எந்தக் காலத்தில திருமலையில இருந்தனீங்கள்? போர்க் காலத்தில எப்ப போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எந்த எஞ்சின் போடலாம் எண்டதெல்லாம் பாஸிலதான் இருந்தது. கடற்படை ஒரு நாள் தடை எண்டா அண்டைக்குச் சோறில்லை. அப்பவும் அது தொழில்தான்.

எண்ணெய்த்தாங்கி99

அதை நான் மறுக்கேல்ல. ஆனா அந்தத் தடையைத் தொழில் எண்ட பேர் நிப்பாட்டினதா? இல்லையே.

ரேங்க்புஷ்_திருமலை

ஆக்ஸி கேமே இல்லை, கிரிப்டோ சீட்டு. அதை வச்சு எல்லாத்தையும் அளக்காதேங்கோ.

வேற கதை சொல்லுறன். கோல் ஒஃப் டியூட்டி கேம் செய்யிற ரேவன் சொஃப்ட்வெயார் கம்பனியில கேமைத் திருப்பித் திருப்பி விளையாடிப் பிழை பிடிக்கிற ஆக்கள் இருக்கினம். சுவருக்குள்ள ஆள் போய்ச் சிக்குதா, துவக்கு வெடிக்காமல் நிக்குதா எண்டு ஒரே கட்டத்தை நாள் முழுக்க. 2021 கடைசியில அவையில கொஞ்சப் பேரை நிப்பாட்டினவுடன மற்றவை வேலையை விட்டு வெளிய வந்திட்டினம். 2022 மே மாசம் தொழிற்சங்கம் வேணுமா எண்டு வாக்கெடுத்தினம். வேணும் எண்டு 19, வேண்டாம் எண்டு 3. அடுத்த வருசம் வட அமெரிக்காவில லீக் ஒஃப் லெஜெண்ட்ஸ் எண்ட கேம்ட வீரர்களே விளையாட மாட்டம் எண்டு வெளிநடப்புச் செய்தினம். அவையிட இரண்டாம் நிலை லீக்குக்கு அணி வச்சிருக்கத் தேவையில்லை எண்டு அந்தக் கேமைச் செய்யிற கம்பனி பெரிய அணிகளை விட்டுட்டுது, நிறையப் பேருக்கு வேலை போற நிலைமை. போட்டி ரெண்டு கிழமை தள்ளிப் போச்சு. வேலை இல்லாத ஒண்டுக்கு வேலைநிறுத்தம் செய்ய ஏலுமா?

பழைய_கிளாக்கர்

இதைத்தானே தம்பி நான் முதலே சொன்னேன். ரேவன் ஊழியருக்கு முதலாளி இருந்தார். அதனால் எதிர்த்து நிற்க ஒருவர் இருந்தார். அந்த வீரர்களுக்கும் ஒப்பந்தம் இருந்தது, சங்கம் இருந்தது, அந்த லீக்கில் 2018இலிருந்தே வருடத்துக்கு ஆகக்குறைந்தது 75,000 டொலர் சம்பளம் என்று எழுத்தில் இருந்தது. அது தொழில். நான் மறுக்கவில்லை. அக்காவின் தம்பி யாரிடம் வேலைநிறுத்தம் செய்வார்? அவர் நிறுத்தினால் அந்தத் துபாய்க்காரர் வேறொரு பெடியனைப் பிடிப்பார்.

மீன்பிடிக்கும் ஒரு வரலாறு உண்டு. அது தொழில் என்று ஊர் நூற்றாண்டுக் கணக்காகச் சொன்னது. அதற்காக மீனவருக்கு ஓய்வூதியம் கிடைத்துவிட்டதா? 1990இல் தனியாக ஒரு சட்டம் போட்ட பிறகுதான் அந்தத் திட்டமே வந்தது.

உவர்மலை_ரீச்சர்

ஒண்டு கேக்கட்டா? இவ்வளவு பேரும் "தொழிலா, இல்லையா" எண்டு அடிபடுறீங்கள். அந்த வீட்டில அம்மா விடிய எழும்பிச் சமைக்கிறா, இரவு முழிச்ச மகனுக்குப் பத்து மணிக்குத் திரும்பவும் தேத்தண்ணி போடுறா. அந்தப் படிவத்தில அவவிட தொழிலுக்கு நேர என்ன எழுதியிருக்கும்? "இல்லை." அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு திரி தொடங்கேல்ல. விளையாடினவனுக்குக் காசு வந்த உடனதான் எல்லாருக்கும் சட்டம் ஞாபகம் வருது.

சிவன்கோயிலடி_அக்கா

ரீச்சர், சத்தியமா அப்பிடித்தான் எழுதியிருக்கு.

எல்லாருக்கும் நன்றி. ஆனா நான் பயப்படுறது வேற. அம்மாவுக்கு அஸ்வெசும (அரசாங்கத்தின்ட நிவாரணக் காசு) கிடைக்குது. தம்பிக்குத் தொழில் எண்டு எழுதி, அதை வெட்டினா? தம்பிட காசு ஒரு மாசம் வரும், அடுத்த மாசம் வராது. அம்மாட காசு சின்னன், ஆனா வரும். அதாலதான் அவ "இல்லை" எண்டு எழுதச் சொல்லுறா. அவ ஒண்டும் தெரியாமல் கதைக்கேல்ல.

எண்ணெய்த்தாங்கி99

அப்பிடிச் சொல்லுங்கோ. அம்மாதான் இந்தத் திரியிலயே சரியாக் கணக்குப் பாத்த ஆள்.

நானும் வெளிநாட்டு ஆக்களுக்கு வெப்சைட் செய்து குடுக்கிறனான், அதால சொல்லுறன். தொழில் எண்டு எழுதினா இரண்டு பக்கமும் எழுதோணும். மரியாதையும் வரும், வரியும் வரும். வருசத்துக்கு 18 லட்சம் வரைக்கும் தனிநபர் வரியில்லை, தம்பி அதுக்குக் கிட்டயும் வரமாட்டார் எண்டு நினைக்கிறன். அதுக்கு மேல போனா, வெளிநாட்டுக்குச் செய்யிற சேவைக்கு 2025 ஏப்ரலில இருந்து கூடினது 15 சதவீதம். வரியை விடக் கரைச்சல் என்னெண்டா, காசு எங்க இருந்து வந்ததெண்டு பாங்க் கேக்கும். தம்பிக்குக் காசு எப்பிடி வருது? பாங்குக்கு வெளிய உண்டியலில அனுப்பினமா, யூ.எஸ்.டி.ரி. எண்ட கிரிப்டோவா? அதைச் சொல்ல ஏலாட்டி "சுயதொழில்" எண்டு எழுதுறது சும்மா வீரம்.

ரேங்க்புஷ்_திருமலை

அதுக்குப் பிழை பெடியனிலயா? பேபாலில காசு பெற வழியில்லாமல் வருசக்கணக்காக் கிடந்த நாடு இது. கரண்டும் அப்பிடித்தான். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினவை. 2025 பெப்ரவரியில ஒரு குரங்கு பாணந்துறை உபமின் நிலையத்தில பாய்ஞ்சதால முழு நாடும் இருட்டு எண்டு அமைச்சரே சொன்னவர். ரேங்க் ஏத்துற நேரம் கரண்ட் போனா புள்ளி குறையும், அந்த நட்டம் ஆரிட்டக் கேக்கிறது? குரங்கிட்டயா?

கிண்ணியா_நானா

😂😂 குரங்குக்கும் சேமலாப நிதி இல்ல தம்பி.

உவர்மலை_ரீச்சர்

ரேங்க்புஷ் தம்பி, நீங்களும் இதையே செய்யிறீங்கள் எண்டு நினைக்கிறன். பகிடியில்லாமல் கேக்கிறன். ஒரு அக்கவுண்டை ஏத்தி முடிக்கச் செலவாகிற மணித்தியாலத்தால வந்த காசைப் பிரிச்சுப் பாத்திருக்கிறீங்களா? 2026 ஜனவரியில இருந்து ஆகக்குறைஞ்ச சம்பளம் மாசத்துக்கு 30,000 ரூபா, நாள் கூலிக்கு 1,200. எட்டு மணித்தியாலத்தால பிரிச்சா மணிக்கு 150. அதைத் தாண்டுதா?

ரேங்க்புஷ்_திருமலை

சில அக்கவுண்ட் தாண்டும் ரீச்சர். வைரம், கிரவுண் மாதிரி நடு நிலைக்கு ஏத்துறது கெதியா முடியும், நல்லாவே தாண்டும். கான்கரர்தான் சிக்கல். ஒரு சேர்வரில முதல் 500 பேருக்குத்தான் அது. எல்லாரும் புஷ் பண்ணுவினம், நித்திரை கொண்டு எழும்பினா இடம் போயிருக்கும். பேசின காசு பெரிசாத் தெரியும், மணியால பிரிச்சா தாண்டாது. சீசன் முடிய எல்லாம் கீழ இறங்கும், திரும்பவும் ஆக்கள் வருவினம்.

டேட்டாக் காசும் கழிக்கோணும்.

பழைய_கிளாக்கர்

அக்கா, அப்படியென்றால் தம்பியிடம் ஒரு கணக்குக் கொப்பி வைக்கச் சொல்லுங்கள். எந்த அக்கவுண்ட், எத்தனை மணித்தியாலம், பேசிய காசு, வந்த காசு, டேட்டாச் செலவு. சுயதொழில் செய்வோருக்குச் சமூகப் பாதுகாப்புச் சபையில் 1996 சட்டத்தின் கீழ் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. கொப்பியில் மிச்சம் தெரிந்தால் அதற்குத் தவணைப் பணம் கட்டட்டும். அஸ்வெசும விடயத்தைப் படிவம் கொடுக்க முதல் பிரதேச செயலகத்தில் நேரே போய்க் கேளுங்கள். உண்மையான வருமானத்தைச் சொல்லிக் கேளுங்கள். மறைத்து எழுதினால் கையெழுத்து வைப்பது அம்மா.

என் கருத்தில் மாற்றமில்லை. அது தொழில் இல்லை, வருமானம். வருமானம் என்று ஒரு கட்டம் படிவத்தில் தனியாக இருக்கும், பாருங்கள்.

சிவன்கோயிலடி_அக்கா

ஓம் ஐயா, இருக்கு. நாளைக்கே செயலகத்துக்குப் போறன்.

தம்பி பக்கத்தில இருந்து எல்லாத்தையும் வாசிச்சிட்டு ஒரு கேள்வி கேக்கச் சொல்லுறான். இரவு வேலைக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு எவ்வளவாம்?

பழைய_கிளாக்கர்

1954 சட்டப்படி ஒன்றரை மடங்கு. துபாய்க்காரரிடம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.